குத்துமதிப்பு உயரம்

ஐசியுவில் அப்பாவுக்கு எவ்வளவு காற்று செலுத்துவது என்று வெண்டிலேட்டருக்குக் கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. உயரத்தை வைத்துக் கணக்குப் போடுமாம். திரையில் அப்பாவின் உயரம் 170 செ.மீ. என்றிருந்தது. அப்பாவும் நானும் ஒரே உயரம், குள்ளம்.

"யாரு அளந்தது, டாக்டர்?"

சேலத்துக்கார டாக்டர் சிரித்தார். "படுத்திருக்கறவர எப்படிம்மா அளக்கறது? குத்துமதிப்பாப் போட்டோம்."

"காத்து அதிகமானா நுரையீரல் கெட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க? டெல்லி துவாரகாவுல பாதி பில்டிங் எங்கப்பா கட்டினது. நூல் பிடிக்காம ஒரு செங்கல் வைக்கமாட்டாரு. நீங்க உசுரையே குத்துமதிப்பா வைக்கறீங்க!"

நர்ஸ் மஞ்சு டேப் கொண்டுவந்தாள். தலையிலிருந்து குதிகால்வரை 152. எண்ணை மாற்றியதும் ஒவ்வொரு மூச்சுக்குமான காற்று நானூறு மில்லியிலிருந்து முந்நூறுக்கு இறங்கியது.

"அச்சா, சரியாயிடுச்சு. வெளிய இரும்மா" என்றார் டாக்டர்.

நான் நகரவில்லை.

"பக்கத்து பெட்காரர யாரு அளந்தது?"