சென்னியப்பனின் சஃபாரியும் ஓர் இரவல் படிவமும்

எங்கள் அருங்காட்சியகத்தில் ஓர் உடைக்கு எண் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அதன் பொத்தானைக் கழற்றக் கூடாது. ஆகவே சென்னியப்பன் ஐந்து மாதமாக எங்களிடம்தான் இருக்கிறார்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து தன் பழைய சஃபாரி சூட்டைக் கொடுக்க வந்தவர் அவர். எழுபத்தெட்டில் தைத்தது. டெரிலின் துணி, நாய்க்காது மாதிரி காலர், தெருவைக் கூட்டும் பெல்பாட்டம். இன்னும் தனக்குச் சரியாக இருக்கிறது என்று காட்டும் ஆசையில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். மாற்றிக்கொள்ள வேட்டி பையில் இருந்தது. எங்கள் பதிவாளர் மகா சுறுசுறுப்பு. அரசாங்க வேலையில் எப்போதாவது அப்படி ஒருவர் வந்து வாய்ப்பார். வேட்டியை வெளியே எடுப்பதற்குள் எண் போட்டுவிட்டார். வேட்டிக்கு எண் இல்லாததால் அதை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

முறைப்படி முதலில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தோம், பூச்சி இருந்தால் சாகட்டும் என்று. பூச்சி ஒன்றும் இல்லை. அவருக்குச் சளி பிடித்தது. அது துணியைப் பாதிக்காததால் நான் அறிக்கையில் எழுதவில்லை. நான் இந்த உடைப் பிரிவின் பாதுகாப்பு அலுவலர். தேவையில்லாததை எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது.

உடைக்கேற்றபடி உடம்பு இருக்க வேண்டும், உடம்புக்காக உடையைத் தொடக் கூடாது. எங்கள் தொழிலின் முதல் விதி இது. அதனால் அவர் மனைவி சாவித்திரி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தனுப்பும் கச்சாயத்தை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம். தியாகம் இல்லாமல் பாதுகாப்பு ஏது?

சித்திரைக் கடைசியில் சாவித்திரியே வந்தார். மகள் நிவேதினிக்கு வைகாசியில் முகூர்த்தம்.

"அவரு கையாலதான் தாரை வாக்கோணும்னு புள்ள ஒத்தக்கால்ல நிக்கறா. இல்லீன்னா கல்யாணமே வேண்டாங்கறா. மூணு மணி நேரம் குடுங்க, பத்திரமா கொண்டாந்து உட்டர்றேன்."

சென்னியப்பன் காட்சிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. மூச்சின் ஈரம் துணிக்கு ஆகாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். நானே மனு எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன்.

இயக்குநர் பெரிய மனசு பண்ணி அவரை மூன்று மணி நேரத்துக்கு இரவல் தந்தார். துணைக்கு நான் போனேன். மண்டபத்தில் விளக்குகளைக் குறைத்து, ஜன்னல்களுக்கு ஜமக்காளம் கட்டினார்கள். மேளச் சத்தத்தில் தையல் அதிரும் என்பதால் மேளக்காரர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். அவர்கள் அங்கேயிருந்து நன்றாகவே வாசித்தார்கள். யாரும் அவரைத் தொடக் கூடாது என்றேன். மகள் மட்டும் நான் கொடுத்த பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

தாரை வார்க்கச் செம்பைத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தச் சொன்னேன். சென்னியப்பன் எங்கள் சேகரிப்பு. அவர் கையிலிருந்து எது போனாலும் அது சேகரிப்பிலிருந்து போனதாகத்தான் அர்த்தம். எங்கள் சேகரிப்பிலிருந்து எதையும் ஒரேயடியாகக் கொடுக்க விதியில்லை. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அவரால் முடியாது. இரவல் வேண்டுமானால் தரலாம்.

நிவேதினியின் முகம் செத்துப்போயிற்று. நான் அவசரமாகக் கைப்பையிலிருந்து ஓர் இரவல் படிவத்தை எடுத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ண இரவலா வாங்கிட்டுப் போனா ஊருல என்னங்க பேசுவாங்க?"

"மூணு வருஷத்துக்குங்க. பத்திரமா வெச்சிருந்தா புதுப்பிச்சுக்கலாம்" என்றேன்.

அவர் நிபந்தனைகளைப் படிக்கச் சொன்னார். உடைகளுக்காக அச்சடித்தவைதான். அடுப்புப் புகை படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் வைக்கக் கூடாது. பாரம் ஏற்றக் கூடாது. இரவல் பெற்றவர் தம் வசதிக்காகச் சுருக்கவோ வெட்டவோ சாயம் மாற்றவோ கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் வந்து நிலைமையைப் பார்ப்போம். கிழிசல் தெரிந்தால் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளை நல்ல பையன். பேனாவை வாங்கி முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டான். சென்னியப்பன் செம்பைச் சாய்த்தார். அவர் மேல் தெறிக்காமல் இருக்க நான் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் மகளும் அழுதார்கள். தாள் உபயோகமாக இருந்தது.

கையெழுத்தான படிவத்தை வாங்கிய சாவித்திரி அதைக் கீழே வைக்கவில்லை. விரலை ஓட்டி ஓட்டி இரண்டு தடவை படித்தார்.

"எனக்கெல்லாம் இப்படியொரு தாளு யாரும் போடலீங்க" என்றார்.

சொல்லிவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார். பந்தியிலிருந்து கை கழுவாமல் எழுந்து வந்தவர்களையும் சேர்த்து வரிசையில் பதினொரு பெண்கள் ஆனார்கள். என்னிடம் நாலு படிவம்தான் மிச்சம். மூன்றைக் கொடுத்தேன். நாலாவதில் பொருள் என்ற இடத்தில் என் பெயரையும், கொடுத்தவர் என்ற இடத்தில் என் அப்பா பெயரையும், பெற்றவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரையும் எழுதினேன். திருப்பித் தரவேண்டிய தேதி தாண்டி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.