கடைசி மைக்

சகல ஜீவராசிகளும் செவிமடுக்க வேண்டிய செய்தி யாதெனில், கருக்கலைப்பைத் தடைசெய்து கருவில் இருக்கும் உயிரைக் காக்கும் சட்டத்துக்காகப் பேரவை கூடிவிட்டது, கடைசிப் பேச்சாளராக, வாய் திறந்தால் ஓயாததால் ‘அடைமழை’ என்று பெயரெடுத்த உறுப்பினர் எழுந்து தொண்டையைச் செருமுகிறார், அவர் உட்கார்ந்தால் வாக்கெடுப்பு… மாடிக் கண்ணாடி அறையில் மைக்குகளை இயக்குகிறவள் அவருடைய பொத்தானை அழுத்தினாள், பச்சை விளக்கு எரிந்தது, அவள் வயிற்றுக்குள் அது புரண்டது. இந்த மனுஷன் குரலுக்கு மட்டும் எப்படித்தான் புரள்கிறதோ, அப்பனைப் போலவே, வம்பு என்றால் விழித்துக்கொள்ளும். தாயின் வயிறே முதல் தொட்டில் என்கிறார், மேசைகள் அதிர்கின்றன, தொட்டில் வாங்கியாயிற்று அய்யா, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது, எத்தனை வருஷம் ஏங்கி… ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பவில்லை, அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? “நுரையீரல் வளரலைம்மா. உள்ள இருக்கிற வரைக்கும் உயிரோட இருக்கும், வெளிய வந்தா மூச்சு விடாது. என்ன செய்யலாம்னு சட்டம் பாஸாகிறதுக்குள்ள சொல்லிடு, அப்புறம் நான் நினைச்சாலும் கை வைக்க முடியாது.” வீட்டுக்காரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து, காலையில் எழுந்து, “நீ எது சொன்னாலும் எனக்குச் சரி” என்றான். “எனக்குச் சரியா இருக்க வேணாமா?” என்றாள், அவன் சாப்பாட்டு டப்பாவை அழுத்தி மூடிக் கொடுத்தான்.

காலையில் எதிர்வரிசை அம்மாள் உரிமை என்றார், இவர் உயிர் என்கிறார், இருவரும் ‘அந்தப் பெண்’ என்று கை நீட்டியது என்னவோ கூரையில் சுற்றும் மின்விசிறியை. சிவப்பு விளக்கு வந்துவிட்டது. நேரம் முடிந்தால் மைக்கை அணைப்பதுதான் அவள் பிழைப்பு, மந்திரி என்றும் பார்க்க மாட்டாள், ‘கத்திரி’ என்றே பெயர். இன்று விரல் பொத்தான்மேல் இருக்கிறது, இறங்கவில்லை. பேசட்டுமே… இவர் பேசும்வரை வாக்கெடுப்பு இல்லை, சட்டம் இல்லை, டாக்டரம்மாவுக்குப் பதில் இல்லை, அது பாட்டுக்கு உள்ளே புரண்டுகொண்டிருக்கும், அப்படியானால் இத்தனை நாளாக அவள் தேடியது முடிவையா, இந்த இன்னும் கொஞ்ச நேரத்தையா? அடைமழையைப் பார்த்து யாருமே வேண்டியிராததை அவள் வேண்டிக்கொண்டாள், நிறுத்திடாதீங்க அய்யா, நிறுத்திடாதீங்க.

வழக்கமான இடத்தில் மைக் அணையாததால் அவர் திகைத்து, அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, உட்கார்ந்துவிட்டார்.