பக்கத்துக் கோடு

...இல்லை, கை தவறி மாதிரிகளை மாற்றி ஊற்றியிருப்பேன், அண்ணனுடைய கோடும் என்னுடையதும் ஒரே உயரத்தில் நிற்க என்ன வேலை? மறுபடி ஓட்டியும் பார்த்தாயிற்று, ஊதா வெளிச்சத்தில், மரபணுத் துண்டுகளை ஓடவிட்டு நீளம் பார்க்கும் ஜெல்லின் மேல்பக்கம், இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல... மரபணுவில் சில எழுத்துகள் கீறல் விழுந்த இசைத்தட்டாகத் திரும்பத் திரும்ப வரும், அது ரொம்ப நீண்டால் மனச்சிதைவுக்கு ஒரு காரணமாகுமா என்பதுதான் எங்கள் கேள்வி, நீளமான துண்டு வேகமாக ஓடாது, மேலேயே தங்கிவிடும், அண்ணனுடையது தங்கியபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், குதிக்கலாம் போலிருந்தது, அவனுக்கு இந்த நோய் நீ படி படியென்று திட்டியதால் வந்ததில்லை அம்மா, இதோ பார் என்று காட்டலாமே... ஆனால் பக்கத்தில் நான் நிற்கிறேனே. எங்கள் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் கிடைக்காவிட்டால் நாங்களே குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்துவிடுவோம், இந்த முறை நான், நோயாளியின் தங்கையை யாராவது ஒப்பீட்டுக்கு வைப்பார்களா? எதிர்மேசைக் கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவளே வந்து நின்னா இத எப்படிம்மா கணக்குல சேர்க்கறது?" சேர்க்க வேண்டாம், சரி, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முடியுமா? எனக்கும் வருமா, இந்த வயதுக்கு மேலுமா? அல்லது எங்கள் வீட்டு மூக்கைப்போல இந்த நீளமும் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறதா? பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயத்துக்கு நடுவிலும், என்ன மனசோ இது, அடுத்து எதை ஓட்டிப் பார்க்கலாம் என்று அரித்தது.

மதியம் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன், எச்சில் கொடுத்த நாளிலிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று துளைக்கிறவன், மறைத்தாலும் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான். சொன்னேன். மாத்திரை அவன் பேச்சைக் கொஞ்சம் மந்தமாக்கியிருக்கிறது, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டான். "அப்ப உனக்கும் அதே நீளந்தானா?" "ஆமாண்ணா." "அப்புறம் நீ மட்டும் எப்படிடி தப்பிச்ச?" பொறாமை இல்லை, குத்தல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான், நானோ அவனுக்குள் என்ன இருக்கிறது என்றே தேடிக்கொண்டிருந்தேன், எனக்குள் என்ன இருக்கிறது, இல்லை, அதை இன்னும் வராமல் எது தடுக்கிறது... "தெரியலண்ணா." "தேடிப் பாரு. கண்டுபிடிச்சா எனக்கும் கொஞ்சம் குடு," என்று சிரித்தான், நானும் சிரித்தேன், வைத்துவிட்டான். நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் எச்சில் துப்பிக் கொடுத்தான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு வேண்டியது அது இல்லை போலிருக்கிறது.