மேகம் மூடிய நேரம்

குற்றாலத்துக்கு மேலே, சர்க்கார் காட்டில் திருட்டு விறகு ஒடித்துக்கொண்டிருந்த வடிவம்மாளின் கைக்குள் ஒரு காய்ந்த கொப்பு கண்ணைத் திறந்தது. அது கொப்பில்லை, பறவை. அவள் வெடுக்கென்று கையை எடுத்ததும் கண்ணை மூடி மறுபடியும் கொப்பாகிவிட்டது.

அப்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. ஃபாரஸ்ட் கார்டு வருகிறான். சிறுத்தை ஒன்று ஆட்டைத் தூக்கியதிலிருந்து துப்பாக்கியோடுதான் திரிகிறான். வடிவம்மாளுக்குச் சிறுத்தையைவிட அந்தப் பாவியைக் கண்டால்தான் பயம். பறவை செய்ததையே அவளும் செய்தாள். சருகு நிறச் சேலையைத் தலையோடு போர்த்தி, புதரடியில் குத்தவைத்து, மூச்சை அடக்கினாள். சுற்றிலும் இலைகளுக்கிடையே விழுந்த வெயில் பொட்டுப்பொட்டாகக் கிடந்தது.

"ஏட்டி, எங்கன ஒளிஞ்சிருக்கே? மரியாதையா வந்திரு" என்றான் கார்டு. அவன் பார்வை அவள்மேல் பட்டு, அப்படியே நகர்ந்தது. திட்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

வடிவம்மாள் மூச்சை விட்டாள். மேகம் மூடிச் சாரல் விழ ஆரம்பித்தது. தரையில் கிடந்த வெயில் பொட்டுகள் எல்லாம் ஒருசேர மறைந்தன.

அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் சில பொட்டுகள் மட்டும் மறையவில்லை. அவையும் அப்போதுதான் மூச்சை விட்டன.