பக்கத்து சீட்டுக்கு எவ்வளவு?

1

இந்தக் கதைக்கு நான் கரு தேடவில்லை. என் மச்சினன் போனில் கொடுத்தான். கார் இன்சூரன்ஸ் விற்கிறவன். எதிலும் முந்திக்கொண்டு போய் முட்டுவதால் வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் பம்பர்.

"அத்தான், பாலிசி இன்னியோட முடியுது. எவ்வளவுக்குப் போடட்டும்?"

என்னிடமா இந்தக் கேள்வி? தொடர்கதை எழுதுகிறவன் நான். வாரம் ஒரு காரையாவது மலையிலிருந்து உருட்டாமல் தூக்கம் வராது.

"மூணாம் ஆளுக்கு மட்டும் போடு. நாம இடிச்சா எதிராளிக்குக் கிடைக்கும். பழைய வண்டிக்கு அது போதும்."

போனை வைத்தேன். பேனாவை எடுத்தேன்.

2

'கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே—'

(அடித்துவிட்டேன். வில்லனுக்கு இங்கே வேலையில்லை.)

'ஸ்டியரிங்கில் அவள் கை நடுங்கிய—'

(இதையும் அடித்துவிட்டேன். அவள் கை நடுங்காது.)

அவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு வருஷம் அந்தப் பக்கமே திரும்பாதவள், போன மாதம் திடீரென்று எழுந்து போய் லைசென்ஸோடு வந்தாள். எனக்கோ கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இன்றுமுதல் ஓட்டப்போவது அவள். பக்கத்தில் நான்.

இதை எழுதும்போதுதான் வியர்த்தது. என் தொடர்களில் ஓட்டுகிறவன் சாகமாட்டான். அடுத்த வாரத்துக்கு அவன் வேண்டும். போய்ச் சேருவது எப்போதும் பக்கத்து சீட்டுதான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரே ஒருவர் பிழைத்திருக்கிறார். வாசகிகள் கடிதம் போட்டுப் பிழைக்கவைத்தார்கள். எனக்கு யார் போடுவார்கள்?)

3

பள்ளிக்கூடத்தில் மூவிடம் படித்திருப்பீர்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை. இன்சூரன்ஸிலும் அதே இலக்கணம்தான். பாலிசி எடுக்கிற நான் முதல் ஆள். கம்பெனி இரண்டாம் ஆள். நான் இடிக்கப்போகிற அந்தப் புண்ணியவான் மூன்றாம் ஆள். சரி, பெல்ட் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு எந்த இடம்?

பம்பரை மறுபடி போனில் கூப்பிட்டேன்.

"இந்தப் பாலிசியில அந்த சீட்டே கிடையாது அத்தான். தனியா சேர்க்கணும்."

"சேர்! இருக்கிற எல்லாத்தையும் சேர்!"

பம்பர் சிரித்தான். "காலைல 'போதும்'னீங்க. இப்ப அக்கா ஓட்டப்போறாங்கன்னதும் 'எல்லாத்தையும்'. அக்கா கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அதுதான் சிக்கல். பாலிசியைக் கூட்டி எடுத்தால், அவளிடம் 'உன் டிரைவிங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. சாவி மறுபடி ஆணிக்குப் போகும். இந்தத் தடவை இறங்காது.

4

முடிவுக்கு எனக்குப் பஞ்சமே கிடையாது.

முடிவு ஒன்று: ரகசியமாக எடுக்கிறேன். பாலிசி மெயிலில் வருகிறது. மெயிலை அவள்தான் பார்க்கிறாள். ஆணி.

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. திருப்பத்தில் எதிரே ஒரு லாரி, ஹெட்லைட் இல்லா—

(எழுத மாட்டேன். அந்த சீட்டில் இருப்பது நான்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் வாசலில் ஹாரன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய் ஏறினேன்.

"யாரு, பம்பரா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். போட்டேன். வேறு வழி?

"டேய், பக்கத்து சீட்டையும் சேர்த்துப் போடு."

"ஏன்க்கா, பயமா இருக்கா?"

"எனக்கென்னடா பயம்? உங்க அத்தான் திருப்பத்துக்குத் திருப்பம் இல்லாத பிரேக்கை மிதிப்பாரு. கால் உடைஞ்சா நான்தானே படம் எடுக்கணும்?"

இப்படி ஒரு திருப்பத்தை நான் எழுதியதில்லை. பொறாமையாக இருந்தது. நிம்மதியாகவும்.

"பின்னாடி சீட்டுக்கு, அக்கா? யாராவது வர்றாங்களா? பேரெல்லாம் வேணாம். 'பெயர் குறிப்பிடாத பயணி'ன்னு தனியா ஒண்ணு இருக்கு."

அவள் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்க ஆளுங்க யாராவது வர்றாங்களா?"

5

உங்களைத்தான் கேட்கிறாள்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். இலக்கணத்தில் நீங்கள் முன்னிலை. காரில் பின் சீட்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், முன்னால் இடமில்லை. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அது தேவையில்லை என்று பம்பரே சொல்லிவிட்டான். லைனில்தான் இருக்கிறான். எவ்வளவுக்குப் போடுவது என்பது இனி நீங்கள் ஏறுவதைப் பொறுத்தது. சீக்கிரம் சொல்லுங்கள்.

அவள் கியரைப் போட்டுவிட்டாள். எக்ஸ்ரே அறையில் சொல்கிற அதே குரலில், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"விடலாம்" என்று இன்னும் சொல்லவில்லை.