மாப்பிள்ளையின் தோள்

தமையனின் உடம்பைப் பற்றிக் கமலாதேவிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவனுடைய சட்டைகளைத் தோய்ப்பவள் அவள். வெளிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். உட்பக்கத்தைத் திருப்பினால் தோளிலும் முதுகிலும் துருப்பிடித்ததுபோலப் புள்ளிகள். சில இடங்களில் தோலும் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்தாலும் மஞ்சள் கறை போகாது.

யோகலிங்கம் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிக் கணக்குப் பார்க்கும் கிளாக்கர். முப்பத்தைந்து வயது. குடியில்லை, சீட்டாட்டமில்லை. அன்புவழிபுரத்தில் நல்ல பெடியன் என்று பெயர். அந்த நல்ல பெடியன் கதிரையில் சும்மா இருந்தால் வலது கை இடது தோளுக்குப் போய்விடும். விரல் சட்டைக் கழுத்துக்குள் நுழைந்து தேடும். காய்ந்த பொருக்கு ஒன்று அகப்படும். நகம் அதன் ஓரத்தைக் கிளப்பும். அப்போது அவன் முகத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், கோணேசர் கோயிலில் தீபம் காட்டும்போதுகூட அவனுக்கு அப்படி வந்ததில்லை. பொருக்குக் கழன்றதும் முகம் விழுந்துவிடும். விரல் நுனியைப் பார்த்துவிட்டு இடுப்புச் சாரத்தில் துடைப்பான். கொஞ்ச நேரத்தில் கை பழையபடி புறப்படும்.

குழந்தைப்பிள்ளை செய்தால் கையில் ஒன்று போடலாம். வளர்ந்த ஆம்பிளைக்கு என்ன செய்வது? கமலாதேவி அவனை வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. வெறுக்க ஓர் ஆள் வேண்டும். அவனிடம் அந்த அளவுக்கு ஆள் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

அவனை அவன் பாட்டில் விட்டிருப்பாள். ஆனால் அவளுடைய கலியாணமும் அந்தத் தோளில்தான் தொங்கியது. மாற்றுச் சம்பந்தம். சாம்பல்தீவில் ஒரு வீடு. அங்கேயும் ஓர் அண்ணன், ஒரு தங்கை. தங்கை பாக்கியரத்தினம் யோகலிங்கத்துக்கு. அண்ணன் சிவகுருநாதன் கமலாதேவிக்கு. சீதனப் பேச்சே இல்லாமல் இரண்டு வீட்டுக் கவலையும் ஒன்றாகத் தீர்ந்தது. யோகலிங்கத்தின் தாலிகட்டு ஆவணியில், கமலாதேவியினது ஐப்பசியில். முதலாவது கவிழ்ந்தால் இரண்டாவதும் கவிழும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யோகலிங்கத்துக்கும் பாக்கியரத்தினத்துக்கும் கலியாண எழுத்து வைகாசியிலேயே முடிந்துவிட்டது. பதிவுகாரர் வந்தார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சட்டப்படி அவர்கள் புருசன் பெண்சாதி. கமலாதேவியின் எழுத்தை மட்டும் பிறகு வைக்கலாம் என்று சிவகுருநாதன் சொல்லியிருந்தான். அவன் வாத்தியார். எதையும் யோசித்துத்தான் செய்வான்.

எழுத்து முடிந்த மறுநாள் தோய்க்க வந்த சட்டையைப் போல ஒரு சட்டையைக் கமலாதேவி அதுவரை கண்டதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"உனக்கு வெக்கமில்லையோ அண்ணை?"

"இருக்கு."

"பிறகேன் செய்யிறாய்?"

"கை தானாப் போகுது."

"தானாப் போறதுக்கு அது என்ன நிலாவெளி பஸ்ஸோ?"

அவன் சிரித்தான். சிரிக்கத் தெரிந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

"கலியாணத்தை நினைச்சாக் கூடுது, கமலா."

"அப்ப நினையாத."

"நினையாம எப்பிடிக் கலியாணம் முடிக்கிறது?"

"ஊரில எல்லாரும் அப்பிடித்தான் முடிக்கினம்."

அன்றிலிருந்து அவனுடைய கை அவளுடைய பொறுப்பாயிற்று. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டாள். விரல் நுனியால் பிய்க்கப் பழகிக்கொண்டான். தோளில் வேப்பெண்ணெய் பூசினாள். அந்த நாற்றத்தில் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் யன்னலோரம் மாறிப்போனார், கை மாறவில்லை. படுக்கும்போது சப்பாத்துக்குப் போடும் காலுறைகளைக் கைகளில் மாட்டிவிட்டாள். காலையில் அவை கட்டிலுக்குக் கீழே கிடந்தன. தாய் இது செய்வினை என்றாள். சம்பந்தம் பொறுக்காத யாரோ செய்வித்திருக்கிறார்கள் என்றாள்.

"உவனுக்குச் செய்வினை செய்ய ஆருக்கம்மா நேரம் இருக்கு," என்றாள் கமலாதேவி.

கடைசியில் வழியைச் சொன்னவன் அவன்தான். "கைக்கு உரிக்க ஏதும் தந்தா நிக்கும்போல கிடக்கு."

இறக்கக்கண்டியிலிருந்து இறால் வாங்கி வந்து சுளகில் கொட்டினார்கள். மாப்பிள்ளை குசினி வாசலில் குந்தியிருந்து உரித்தான். அழகாக உரித்தான் என்பதைக் கமலாதேவியால் மறுக்க முடியவில்லை. தலையைக் கிள்ளி, கோதைக் கழற்றி, முதுகு நரம்பை முழுசாக இழுத்தெடுப்பான். முகத்தில் அதே அமைதி. இறால் குழம்பு, இறால் பொரியல், இறால் சொதி என்று வீடே நாறியது. பிறகு கச்சானுக்கு மாறினார்கள். கோதை உடைத்து, பருப்பின் சிவப்புத் தோலையும் நீக்கி, தட்டில் குவிப்பான். ஒன்றைக்கூட வாயில் போடமாட்டான். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "என்ன தம்பி, கலியாணத்துக்குக் கச்சான்தானோ பந்தி?" என்று கேட்டார்.

ஆனால் சட்டைகள் வெளுத்தன. புள்ளிகள் குறைந்தன. நாலு வாரம் இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று கமலாதேவி கணக்குப் போட்டாள். தாலிகட்டும்போது மாப்பிள்ளை வெறும் மேலோடுதான் இருக்க வேண்டும். நஷனல் சட்டை போட்டால் என்ன என்று ஐயரிடம் கேட்டுப் பார்த்தாள். ஐயர் அவளை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை, இது கலியாணம். மாநகரசபைக் கூட்டமில்லை," என்றார். அவருக்குத் தன் வயிற்றைக் காட்ட வெட்கமில்லை. எல்லாரும் தன்னைப்போல என்று நினைத்தார்.

தாலிகட்டுக்கு முந்திய வாரம் பந்தல்காரர் வந்தார்கள். இனசனம் வந்தது. வீட்டுக்குள் இத்தனை பேர் இருக்க மாப்பிள்ளை கச்சான் உரிப்பது சரியில்லை என்று தாய் சுளகைப் பறித்து வைத்தாள். இரண்டே நாள். தோள் பழைய கோலத்துக்கு வந்தது.

கமலாதேவி அவனைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சோமசேகரம் அப்போதிக்கரி தனியாக மருந்துச்சாலை நடத்தினார். வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யாட் ஆஸ்பத்திரியில் வேலை செய்ததை நாளுக்குப் பலமுறை சொல்லுகிற மனிதர். கண்ணாடியைக்கூடப் போடாமல் தூரத்தில் நின்றே பார்த்தார்.

"சிரங்கு."

யோகலிங்கம் வாயைத் திறந்தான். கமலாதேவி முந்திக்கொண்டாள். "ஓம் ஐயா. சிரங்குதான்."

சிரங்கு யாருக்கும் வரலாம். தன் தோலைத் தானே உரிக்கிறவன் என்று சொன்னால் அந்த மனிதர் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிவார். அவள் நன்றாகத்தான் யோசித்தாள். அப்போதிக்கரி பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஊதா மருந்தில் தோய்த்து, மாப்பிள்ளையின் தோள், நெஞ்சு, மேல்முதுகு எங்கும் தாராளமாகப் பூசினார்.

"எப்ப ஐயா போகும்?"

"சிரங்கோ?"

"நிறம்."

"அது போகும். அவசரப்பட்டா ஏலாது."

தேசிக்காய் போட்டுத் தேய்த்தாள். தேங்காய்த் தும்பு கொண்டு தேய்த்தாள். ஊதா போகவில்லை. தேய்த்த இடமெல்லாம் புதிதாகச் சிவந்தது. யோகலிங்கம் முதுகைக் கொடுத்துக் குனிந்திருந்தான்.

கலியாணத்தன்று காலை, மாப்பிள்ளைக்குப் பாலறுகு. கிழக்கே பார்த்துப் பலகையில் இருத்தி, உரித்தானவர்கள் ஒவ்வொருவராக வந்து பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து, பிறகு முழுக வார்க்க வேண்டும். தோழனாகச் சிவகுருநாதன் சாம்பல்தீவிலிருந்து விடிய வெள்ளெனவே வந்திருந்தான். பெண்ணின் அண்ணன்தான் தோழன். மாப்பிள்ளையைக் கூட்டிப்போவது அவன் கடமை. வெள்ளைச் சட்டை, கரை போட்ட வேட்டி. தலை நடுவே வகிடு. கமலாதேவியைக் கண்டு அளவாகச் சிரித்தான்.

தமையனின் தோளைச் சுற்றி ஒரு துவாயைப் போர்த்தி, முன்னால் ஊசி குத்தியிருந்தாள் அவள். தாய்மாமன் வந்து அறுகு வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது மட்டிக்களியிலிருந்து வந்த பெரியம்மா. பால் சட்டியோடு வந்தவள் குனிந்து துவாயைப் பார்த்தாள்.

"முழுகுற மனிசனுக்கு என்னத்துக்கடி போர்வை?"

"குளிருதாம் பெரியம்மா."

"ஆவணி வெயிலில குளிருதோ?"

ஊசியைக் கழற்றித் துவாயை உருவிவிட்டாள். யோகலிங்கம் பலகையில் இருந்தான். இரத்தம் காய்ந்த புண்கள், அவற்றைச் சுற்றி ஊதாத் திட்டுகள். முகத்துக்கு மட்டும் சந்தனம்.

பெரியம்மா ஓரடி பின்னால் போனாள். "ஒட்டுமோ?" என்றாள்.

கமலாதேவியிடம் பொய் ஆயத்தமாக இருந்தது. "ஜெற்றியில தார் காய்ச்சேக்க தெறிச்சது. மருந்து போட்டிருக்கு."

நல்ல பொய். சிவகுருநாதனின் நெற்றிச் சுருக்கம் தளர்வதை அவள் கண்டாள். இன்னும் ஒரு நிமிஷம் தமையன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவ்வளவு காலம் மூடியிருந்த வாய்தானே.

"தார் இல்லை," என்றான் யோகலிங்கம். "நான் பிய்க்கிறனான்."

"என்னத்தை?"

"தோலை. சின்னனிலயிருந்து பழக்கம். வருத்தம் இல்லை, ஒட்டாது." சிவகுருநாதனைப் பார்த்தான். "பாக்கியத்துக்குத் தெரியும். கோயிலில பொம்பிளை பார்த்தண்டே சொல்லிப்போட்டன்."

"அவள் என்ன சொன்னவள்?" என்றான் சிவகுருநாதன்.

"நோகுமோ எண்டு கேட்டா."

கமலாதேவிக்கு முகம் சுட்டது. அந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகத் தமையன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. இத்தனை இறாலும் கச்சானும் சவர்க்காரமும் யாருக்காக?

சிவகுருநாதன் கண்ணால் அவளைக் கூப்பிட்டான். கிணற்றடிக்குப் போனார்கள். கமுகுகளுக்குப் பின்னால் ஆட்களின் கண் எட்டாது. அவன் குரலைத் தாழ்த்தி, வகுப்பில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுபோலப் பேசினான்.

"பாக்கியத்தின்ர எழுத்து முடிஞ்சுது. இனி அதில ஒண்டும் செய்யேலாது. எங்கட எழுத்து இன்னும் வைக்கேல்லைத்தானே."

"ஓம்."

"அதாலதான் கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உப்பிடியான பழக்கம் குடும்பத்தில ஓடுமெண்டு சொல்லுவினம். உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ. தோள்மூட்டு மட்டும்."

அவளுக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில் ஆறுதல்தான் வந்தது. அவள் தோலில் ஒரு பழுதில்லை. காட்டினால் ஐப்பசியில் கலியாணம். அவ்வளவுதான். வலது பக்கச் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். சோதனைத் தாள் திருத்துகிற முகம். இடது கை. தோளுக்குக் கீழே ஒரு வட்டத் தழும்பில் விரலை வைத்தான்.

"இது என்ன?"

"அம்மைப்பால் குத்தினது."

"ஓ. அப்பச் சரி." நிமிர்ந்தான். "வேறை இடங்களில ஒண்டும்..."

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"இப்ப நீங்கள் சேட்டைக் கழட்டுங்கோ," என்றாள்.

"என்ன?"

"உங்கட தோளையும் பாக்கவேணும்."

அவன் சிரித்தான். "நல்ல பகிடி."

"பகிடி இல்லை. எனக்கும்தானே கலியாணம்."

"ஆம்பிளையளிட்டை உப்பிடிக் கேக்கிறேல்லை, கமலாதேவி."

"அங்க ஒரு ஆம்பிளை சேட்டில்லாம இருக்கிறார். சனம் முழுக்கப் பாக்குது."

சிவகுருநாதனின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போயிற்று. அதைத் திருகியது. அப்படியே நின்றது. அந்தச் சட்டைக்குள் மறைக்க ஒன்றும் இராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பவுடர் போட்ட நல்ல தோலாகத்தான் இருக்கும்.

"அம்மாவோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்," என்றான்.

"கதையுங்கோ. சேட்டுக் கழட்டவும் அம்மாவைக் கேக்கிற ஆளெண்டா, நானும் யோசிக்கத்தான் வேணும்."

அவன் முகம் கறுத்தது. திரும்பி, வேட்டிக் கரை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். தோழன் வேலையை இன்று ஒழுங்காகச் செய்வான். நாளைக்கோ மறுநாளோ சாம்பல்தீவிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். சாதகத்தில் ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பார்கள். கமலாதேவிக்கு அது இப்போதே தெரிந்தது. கிணற்று வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள்.

முற்றத்துக்கு வந்தபோது எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது. பெரியம்மா பால் சட்டியைப் பிடித்தபடி எட்டத்தில் நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். கிட்ட வர ஒருவருக்கும் மனமில்லை, போய்விடவும் மனமில்லை. பலகாரம் இன்னும் கொடுக்கவில்லை.

கமலாதேவி சட்டியைப் பறித்தாள். அறுகை எடுத்துப் பாலில் தோய்த்தாள்.

"உனக்கென்ன விசரோடி?" என்றாள் பெரியம்மா. "கலியாணம் முடியாத பெட்டை பாலறுகு வைக்கிறதோ?"

"முடியப்போறதும் இல்லைப் பெரியம்மா. விடுங்கோ."

தமையனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்க வந்தான்.

"கண்ணை மூடு," என்றாள். "பால் போகப்போகுது."