வெறும் வண்டி

துரையைப் போல ஒரு தண்டச்சோற்றை நான் பார்த்ததில்லை. பத்து கிலோ பூனை. எலி எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்குகிற ரகம். அம்மா அதைத் தெருவிலிருந்து எடுத்து வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியதாம். அவள் ஊட்டி ஊட்டி வளர்த்ததில், சோபாவில் சாய்ந்துகொண்டு எங்களையெல்லாம் சம்பளத்துக்கு வைத்த ஆட்களைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தது. அதனால்தான் துரை. அம்மா இருந்தவரை அவள் கைக்கு மட்டும்தான் அடங்கும். அவள் இறந்த பிறகு அப்பா கைக்கு. வேறு யார் தொட்டாலும் கடிதான். என் இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அம்மா போய் ஐந்து மாதம் கழித்து, அப்பாவை என்னோடு அழைத்துப் போவதற்காக வந்தேன். ஆறு மணி நேர விமானப் பயணத் தூரத்தில், வேறு நாட்டில், ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அப்பாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. வந்து இறங்கிய அன்றே, வீட்டைக் காலி செய்வது, சாமான்களைக் கொடுப்பது, விசா எடுப்பது என்று பட்டியல் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"துரை வந்தா நானும் வரேன்."

தலைகீழாக நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் விடலாம் என்றேன், பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் சேர்க்கலாம் என்றேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது துரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

மனிதர் போவதைவிடப் பூனை போவதற்குத்தான் காகிதம் அதிகம். தோலுக்கடியில் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப் வைக்க வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். அப்புறம் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விமான டிக்கெட் அலுவலகத்தில் இருந்த பெண், பூனையை வைக்கும் பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்குள் இருந்தால்தான் கூடவே உட்கார வைக்கலாம், ஒரு கிராம் கூடினாலும் கீழே சாமான்கள் போகும் இடத்துக்குப் போய்விடும் என்றாள்.

அப்பா அவளைப் பார்த்துச் சொன்னார், "அப்ப எனக்கும் அங்கயே ஒரு சீட்டு போட்டுடும்மா."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பை ஒன்றரை கிலோ. துரை ஆறரைக்கு இறங்கியாக வேண்டும். பத்திலிருந்து ஆறரை. சரி, காத்திருக்கிற மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எடை என்பது புதிய விஷயமில்லை. அப்பா முப்பது வருடம் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர். சரக்கோடு வரும் லாரியை நிறுத்தி ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வந்ததும் வெறும் வண்டி எடை, முதலாவதிலிருந்து இதைக் கழித்துச் சரக்கின் எடைக்குச் சீட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய கண்ணாடி அறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கழித்தல் கணக்கை எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தவை அந்தச் சீட்டுகள்தான்.

துரை எடை பார்க்கும் இயந்திரத்தில் தனியாக நிற்காது. அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை நிற்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அறுபத்திரண்டு. துரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எழுபத்திரண்டு. ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கீழே சிவப்பு மையில், எட்ட வேண்டிய எண்: 68.5.

அடுத்த ஞாயிறு அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மொதல்ல நான் மட்டும் ஏறட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா நேரத்த வீணாக்கிட்டு. அதான் அறுபத்திரண்டுன்னு தெரியுமே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பேனாவோடு நின்ற வேகத்தைப் பார்த்துவிட்டுத் துரையைத் தூக்கிக்கொண்டார். எழுபத்தொன்றே முக்கால்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் கால் கிலோ! கைதட்டினேன். துரைக்குக் காலையில் ஒரு கோப்பை தீனி, மாலையில் ஒரு கோப்பை, அதற்கு மேல் ஒரு மணிகூடக் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தேன். சட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வாராவாரம் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எழுபத்தொன்று. எழுபதே முக்கால். நான் ஒவ்வொரு ஞாயிறும் கைதட்டினேன். அப்பா இயந்திரத்தின் மேல் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

துரை பார்ப்பதற்கு இளைத்த மாதிரியே தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னேன். மயிர் அடர்த்தி, அதனால் தெரியாது என்றார் அப்பா. நானும் நம்பினேன். கண்ணைவிட எண்ணை நம்புவதுதானே என் தொழில்.

இதற்கிடையில் பையைப் பழக்கும் வேலை வேறு. பூனை பயணப் பையை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டுமாம். கூடத்தில் திறந்து வைத்தோம். துரை அதற்கு மேலே ஏறிப் படுத்து அதை நசுக்கியதே தவிர, உள்ளே தலையைக்கூட விடவில்லை. அப்பா சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, அதற்கடியில் பையை வைத்து, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நாற்காலியோடு தன்னைக் கட்டிக்கொண்டு உட்காருவார். அதுதான் விமானம். "இப்ப மேல ஏறுதுடா துரை, காது அடைக்கும், பயப்படாத" என்பார். ஒருநாள் ஆணியைச் சூடாக்கி அந்த பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வயசான காலத்தில் இடுப்பு அழகு வேண்டியிருக்கிறதா என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் இன்னொரு ஓட்டை போட்டார். அதையும் பார்த்தேன். கையில் தாளும் பேனாவும் இருந்தால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அது எப்போதும் என் குணம்.

தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சமையலறையில் இருக்கும்போது அப்பா மேசையில் தனியாகச் சாப்பிடுவார். அவர் தட்டு வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வரும். அம்மா போன துக்கத்திலும் மனிதர் நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பன்னிரண்டாவது ஞாயிறு அறுபத்தெட்டு புள்ளி நான்கு வந்தது. சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணையும் தாண்டிவிட்டோம். இரண்டு டிக்கெட் போட்டேன். துரைக்கு முத்தம் கொடுக்கப் போய்க் கடி வாங்கினேன்.

புறப்படுவதற்கு எட்டு நாள் முன்பு, பறக்கலாம் என்ற சான்றிதழுக்காகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் இளம்பெண், நிதானமானவர். துரையை மேசைத் தராசில் வைத்தார். அப்பா அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அரை நிமிடம் நின்றது. பின் அவர் கையை எடுத்தார்.

பத்து கிலோ.

தராசு பழுது என்றேன். டாக்டர் துரையை இறக்கி, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வைத்தார். பத்து.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். வெளியே நாய்களோடு காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அப்பாவிடம் கத்தினேன். எனக்குத் தெரியாமல் ஊட்டினீர்களா, மூன்று மாதமாக என் கண்ணில் மண்ணைத் தூவினீர்களா, என் லீவு, என் வேலை எதுவுமே உங்களுக்குப் பெரிதில்லையா என்றெல்லாம் கேட்டேன். அப்பா துரையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

வீட்டில் எப்படி எடை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அறுபத்திரண்டைக் கழித்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பார்வை என்னிடமிருந்து அப்பாவிடம் போனது. பெரிய நாய்களுக்காகத் தரையிலேயே ஒரு தட்டையான தராசு இருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம் இதுல ஏறுங்க," என்றார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சுவரில் இருந்த சிறு பெட்டியில் சிவப்பாக எண் வந்தது. ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.

பத்தைக் கூட்டினால் அறுபத்தெட்டு புள்ளி நான்கு. கணக்குச் சரிதான். துரை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வாராவாரம் நான் கைதட்டியதெல்லாம் அப்பா குறைந்ததற்கு.

அவர் தராசிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். கோபமே இல்லாமல், அந்தக் கண்ணாடி அறையிலிருந்து லாரி டிரைவர்களிடம் பேசுவாரே, அதே குரலில் சொன்னார்.

"வெறும் வண்டிய ஒவ்வொரு தடவையும் போடணும் பாப்பா."

டாக்டர் துரையின் காகிதங்களை மூடி வைத்துவிட்டு, பூனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

வயிற்றில் கட்டி. முற்றிவிட்டது, திறந்து பயனில்லை என்றார்கள். எவ்வளவு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டதற்கு, ஆறேழு மாதம் இருக்கும் என்றார் அப்பா. அம்மா போன துக்கம் தொண்டையை அடைக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாராம். தட்டில் நான் வைத்ததை மிச்சம் வைத்தால் நான் கத்துவேன் என்று மேசைக்கு அடியில் துரையிடம் நீட்டியிருக்கிறார். அது அவர் பங்கையும் தின்றுவிட்டு, தட்டையும் நக்கி வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தலையணையைச் சரி செய்தபடி கேட்டுவிட்டேன்.

"நம்பர் குறையறது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? ஏம்ப்பா சொல்லல?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"ஞாயித்துக்கிழம ஆனா கை தட்டுவ. அம்மா போனப்புறம் அந்த வீட்ல சந்தோஷம்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. சொன்னா அதுவும் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

நான் வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கத்தியதற்கு அழுதேனா, கைதட்டியதற்கு அழுதேனா என்று கேட்டால், கைதட்டியதற்குத்தான்.

டிக்கெட் தேதி வந்தது, போனது. தினமும் அப்பா கேட்டது ஒரே கேள்வி, துரை சாப்பிட்டானா என்று. சாப்பிட்டான் என்று தினமும் பொய் சொன்னேன். துரை அந்த நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து, தட்டு நீளும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பையில் போட்டது போட்டபடி கிடந்தது. முப்பத்தெட்டாம் நாள் அப்பா போனார்.

அளவுக் கோப்பையைக் குப்பையில் வீசினேன். மீனை வேகவைத்து முள்ளெடுத்து, முட்டையைப் பிசைந்து, எதையெல்லாம் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேனோ அதையெல்லாம் தரையில் உட்கார்ந்து என் கையாலேயே நீட்டினேன். இரண்டு வாய் தின்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். கால்நடை டாக்டர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பழைய உடம்பு வராது என்றார். நான் தொட்டால் கடிப்பதையும் விட்டுவிட்டான். ஒரு தடவை கடிக்க மாட்டானா என்று இருந்தது.

விடுப்பு முடியும் முன் கடைசி ஞாயிறு. வீடு காலியாகிவிட்டது. எடை இயந்திரமும், அந்த நாற்காலியும், என் பெட்டியும், பையும்தான் மிச்சம். செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் நான் மட்டும் ஏறினேன். அறுபத்தொன்று. இறங்கி, துரையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். அவன் என் தோளில் தலையை வைத்துக்கொண்டான். அறுபத்தேழு புள்ளி மூன்று. தாளின் அடியில், அப்பாவின் சீட்டில் இருக்கும் வரிசையிலேயே எழுதினேன். மொத்தம். வெறும் வண்டி. சரக்கு. ஆறு கிலோ முந்நூறு. பையோடு ஏழு எண்ணூறு.

நான் கைதட்டவில்லை.

பையைத் திறந்து வழக்கமான இடத்தில், நாற்காலிக்கு அடியில் வைத்தேன். உள்ளே அப்பாவின் துவைக்காத சட்டை ஒன்றை விரித்தேன். மூன்று மாதம் கெஞ்சியும் தலை நீட்டாதவன், யாரும் கூப்பிடாமலே உள்ளே போய், அந்தச் சட்டையின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டான். ஜிப்பை இழுத்து மூடினேன்.

"துரை வரான்பா," என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். "அவன் வந்தா நீங்களும் வரேன்னுதானே சொன்னீங்க."